ஊசி சிவப்பைத் தொட்டால்

கார் மெக்கானிக்கிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. அதிலும் இன்ஜின் கொதித்து வருகிறவர்கள், வண்டியைவிட அதிகமாக ஆவி விட்டுக்கொண்டு வருவார்கள்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் பத்தொன்பது வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் இங்கே மலைப்பாறையே கொதிக்கும், கார் கொதிக்காதா? டெம்பரேச்சர் ஊசி ஏறுவதைப் பார்த்தும் “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டியவர் நீங்கள் என்றால், நாம் பங்காளிகள். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் என் மாமனாரின் காரை நானும் அப்படித்தான் கெடுத்தேன்.

மூடியைத் திறந்தவர்

மேல்சித்தாமூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். பானெட் இடுக்கிலிருந்து புகை. “ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் சும்மா உக்காருங்க சார், எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட வேலையை முடிக்க இன்னொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. “புஸ்ஸ்” என்று ஒரு சத்தம், கூடவே ஓர் அலறல்.

வெளியே வந்து பார்த்தால், கொதிநீர் ஷெட் கூரைத் தகடு வரைக்கும் போய் அடித்துக்கொண்டிருக்கிறது. மனிதர் கைக்குட்டையைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். நல்ல வேளை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வலது கை முழங்கை வரைக்கும் சிவந்துவிட்டது. குழாயடியில் கையைப் பிடித்து இருபது நிமிஷம் தண்ணீர் விட்டேன். பிறகு என் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது வாத்தியார் மெதுவாகச் சொன்னார்:

“தண்ணி ஆவியானா எவ்ளோ வேகமா வெளிய வரும்னு நேத்துதாம்பா எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு நடத்துனேன்.”

எலிக்கூட்டுக்குப் பின்னால்

தொண்டூர் ஜெயந்தியம்மா தன் காரை மணிலாக்கொட்டை மூட்டை அடுக்கும் கொட்டகையில்தான் நிறுத்துவார். ரெண்டு நாளாக ஊசி ஏறுகிறது, ஃபேன் சுற்றவே இல்லை என்று ஒரு காலையில் கொண்டுவந்தார். பானெட்டைத் திறந்தேன். ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே வைக்கோலும் கிழிந்த துணியும் கடலைத் தோலுமாக ஓர் எலிக்கூடு அடைத்திருந்தது. அட, இவ்வளவுதானா என்று விரலை விட்டுப் பிடுங்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது பிடி பிடுங்கும்போது, கீழே பம்பருக்கு உள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. படம் எடுத்த தலை. எலியைத் தேடி வந்த நல்ல பாம்பு. என் கைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. நான் எப்படிப் பின்னால் போய் விழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தீயணைப்புக்காரர்கள் வந்து அதைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். சாக்கு ஜீப்பில் ஏறிய பிறகு, அந்த அம்மா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த வண்டியிலதாண்ணா இப்ப ரெண்டு புள்ளைங்களையும் ஸ்கூல்ல எறக்கி வுட்டுட்டு வரேன்.”

ஹீட்டர் போட்ட கல்யாணம்

ஒரு முகூர்த்த நாள் காலை, வழியில் நின்றுபோன கல்யாணக் காரிலிருந்து போன் வந்தது. ஓடினேன். உள்ளே மணப்பெண்ணும் அவள் அத்தையும். மற்ற வண்டிகள் எல்லாம் முன்னாலேயே போய்விட்டன. காரின் முகப்பு முழுக்க ரோஜாவையும் சாமந்தியையும் பாய் மாதிரி தைத்து மூடியிருந்தார்கள். ரேடியேட்டருக்குக் காற்று எங்கிருந்து வரும்? பூவை எல்லாம் பிய்த்து எறிந்தேன். இன்ஜின் ஆற அரை மணி நேரம் வேண்டும். முகூர்த்தம் முடிய இருந்ததே அவ்வளவுதான்.

நல்ல வேளையாகத் தண்ணீர் குறையவில்லை, ஊசியும் சிவப்புக்கு ஒரு கோடு கீழேதான் நின்றது. “ஏ.சி.ய நிறுத்திட்டு ஹீட்டர முழுசாப் போட்டு மெதுவா ஓட்டுங்க. இன்ஜின் சூடு உள்ள வந்துடும், மண்டபம் மூணு கிலோமீட்டர்தான், தாங்கும்” என்று டிரைவரிடம் சொன்னேன். “கல்யாணப் பொண்ண அவிச்சா எடுத்துக்கினு போவச் சொல்ற?” என்று அத்தை கத்தினார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தாலி கட்டும்போதுகூடப் பெண்ணுக்கு வேர்வை நிற்கவில்லை என்று டிரைவர் பிற்பாடு சொன்னார். என்னால் மறக்க முடியாதது, அத்தையைக் கையமர்த்திவிட்டு அந்தப் பெண் சொன்னதுதான்:

“போடுங்கண்ணா. மேக்கப் போனா திரும்பப் போட்டுக்கலாம், முகூர்த்தம் போனா ஆயுசுக்கும் என்னத்தான் சொல்லுவாங்க.”

ஆறு கிலோமீட்டர்

அனந்தபுரத்து மளிகைக்கடைக்காரர் ஒருவரின் காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போயிருந்தது. ஆயில் பார்த்தேன், தண்ணீர் கலந்து பால் விட்ட டீ மாதிரி இருந்தது. இன்ஜின் சுற்றவே இல்லை. நல்ல வண்டியை இப்படிப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். “ஊசி செவப்பத் தொட்டப்புறம் எவ்ளோ தூரம் ஓட்டுனீங்க?” என்று கேட்டேன். “ஆறு கிலோமீட்டர்” என்றார். “இன்னா சார், கண்ணு எங்க இருந்துச்சி? ஓரங்கட்டத் தோணலியா? இது ஓட்டறது இல்ல, கொல்றது” என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். முப்பத்தைந்து வயசு இருக்கும் அவருக்கு. முழுசையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் மத்தியானம் அவர் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்க மனசு வராமல் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பாதி வழியில் புகை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் இன்ஜின் தானாக நின்றது, அப்புறம் கிளம்பவே இல்லை. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். பெரியவர் இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாராம். சற்று முன் நான் பேசிய பேச்சு எனக்கே திரும்பக் கேட்டது. அவரோ கோபப்படாமல், நிஜமாகவே பதில் தெரியாதவர் மாதிரி என்னைக் கேட்டார்:

“பக்கத்து சீட்டுல நைனா நெஞ்சப் புடிச்சிக்கினு கெடந்தாரு. நான் ஊசியப் பாப்பனா, நைனாவப் பாப்பனா?”

ஊசி ஏறினால் உடனே வண்டியை ஓரங்கட்டுங்கள் என்று இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிவருகிறேன். அதைக் கேட்டு நடந்த ஒருவரைக்கூட நான் இன்னும் சந்தித்ததில்லை.