பிள்ளை என்னோடு நிற்கட்டும்

எங்கள் குடும்பத்தில் பயந்தவள் என்று பெயர் எடுத்தவள் நான். திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கமாக இருக்கிற எங்கள் வீட்டுக்கு யார் பிள்ளைகளோடு வந்தாலும், அவர்கள் பைகளை இறக்கி வைக்க முன்னமே நான் கேற்றைப் பூட்டிவிடுவேன். மருந்துகள் அலுமாரிக்கு மேலே போய்விடும். கத்திகள் உயரத் தட்டுக்குப் போகும். கிணற்றுக்கு மேலே மீன்வலை போட்டு நாலு பக்கமும் கட்டி வைத்திருந்தேன். தம்பி ஒவ்வொரு முறையும் பகிடி பண்ணுவான். "அக்கா, இது வீடோ, காவலரணோ?" என்பான். நான் சிரிக்கமாட்டேன்.

காஸ் சிலிண்டர் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருசம் அது. ஓகஸ்ட் லீவுக்குத் தம்பியும் அவன் மனைவியும் நாலு வயது மகளோடு கொழும்பிலிருந்து ரெயிலில் வந்தார்கள். தம்பி மனைவியும் நானும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். நான் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் வேலை செய்கிற என் கணவர், இறக்கக்கண்டியில் தெரிந்த ஒரு மீன்பிடிகாரரிடம் கேட்டு ஒரு கான் மண்ணெண்ணெய் கொண்டுவந்திருந்தார். கானைத் தூக்கி அடுப்புக்கு ஊற்ற எனக்குக் கை நோகும். அதனால் ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலில் கொஞ்சம் ஊற்றி, அடுப்பு மேசைக்குக் கீழே நிலத்தில் வைத்துக்கொண்டேன். ஆறிய தண்ணீரையும் அதே மாதிரிப் போத்தல்களில்தான் மேசையில் வைத்திருந்தேன். போத்தலைத் திறக்காமல் பார்த்தால் எது எதென்று தெரியாது.

வந்த மூன்றாம் நாள் எல்லாரும் நிலாவெளிக் கடலுக்குப் போவது என்று முடிவானது. எனக்கு மனம் ஒப்பவில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலைக்குப் பிறகு நான் கடலில் கால் வைத்ததில்லை.

"நீங்கள் போங்கோ. பிள்ளை என்னோட நிக்கட்டும்," என்றேன்.

மச்சாள் தயங்கினாள். "ஆசைப்பட்டுக் கேட்டவள். கரையில மட்டும் விளையாடட்டுமே, மச்சாள்."

"கரையில நிண்ட ஆக்களையும்தான் கடல் கொண்டு போனது. என்னோட நிண்டால் பயமில்லை."

இந்த வசனத்தை நான் சொன்னேன். அதில் ஒரு சொல்லைக்கூட எனக்கு மறக்கவில்லை.

தம்பியும் மச்சாளும் எட்டரை பஸ்ஸுக்குப் போனார்கள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளை கொஞ்சம் அழுதாள். பிறகு விறாந்தையில் குந்தி கலர்ப் பென்சிலால் கப்பல் கீறத் தொடங்கினாள். வெயில் ஏற ஏறக் காற்றும் பலமாக அடித்தது. பதினொரு மணியளவில், கிணற்று வலையின் ஒரு மூலை அவிழ்ந்து காற்றில் அடிபடுகிறதைக் கண்டேன். அதைக் கட்டிவிட்டு வருவோம் என்று பின்வளவுக்குப் போனேன். முடிச்சைப் போட்டேன். இறுக்கமாய் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். திரும்பவும் ஒரு முடிச்சுப் போட்டேன். அப்போதுதான் குசினிக்குள் இருந்து இருமல் கேட்டது.

பிள்ளை நிலத்தில் இருந்தாள். போத்தல் பக்கத்தில் சரிந்து கிடந்தது. நான் மேலே வைத்த தண்ணீர் அவளுக்கு எட்டவில்லை. கீழே இருந்ததுதான் எட்டியது.

அவளைத் தூக்கினேன். வாயில் மண்ணெண்ணெய் மணந்தது. குடித்ததை வெளியே எடுக்கவேண்டும், அதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. யாரையும் கூப்பிடவில்லை, கேட்கவில்லை. அவளைத் தொட்டிக்கு மேலே குனியப் பிடித்து, இரண்டு விரலை அவளின் தொண்டைக்குள் விட்டேன். அவள் திமிறினாள். நான் விடவில்லை. அவள் சட்டை முழுக்கச் சத்தி எடுத்தாள். அதற்குப் பிறகு வந்த இருமல் முதல் கேட்ட இருமல் மாதிரி இல்லை. மூச்சை இழுக்க முடியாமல், உள்ளே எதையோ தேடுகிற மாதிரி ஒரு இருமல். உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். முன்வீட்டு ஓட்டோவில் பெற்றோல் இல்லை. செருப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கையில், மீன் பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளில் போன ஒரு கிண்ணியாக்காரர் நிறுத்தினார்.

"ஏறுங்க தங்கச்சி. புள்ளைய நிமித்திப் பிடிங்க, மூச்சு விடட்டும்," என்றார். ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றார். அவரை நான் பிறகு காணவே இல்லை.

உள்ளே ஒரு இளம் டொக்டர். "என்ன குடிச்சவ? எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளையின் நெஞ்சில் காதில் மாட்டிய குழாயை வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்கள் சத்தி எடுக்க வைச்சனீங்களோ?"

அவர் கேட்ட விதத்திலேயே அது செய்யக்கூடாத காரியம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"இல்லை டொக்டர். தானா எடுத்தவள்."

"நல்லது. மண்ணெண்ணெய் குடிச்சால் சத்தி எடுக்க வைக்கக் கூடாது. திரும்பி வரேக்கைதான் சுவாசப்பைக்குள்ள போறது," என்றபடி எழுதினார். நான் சொன்ன பொய்யை அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் காய்ச்சல் ஏறியது. ஒட்சிசன் வைத்தார்கள். தம்பியும் மச்சாளும் கால்களில் கடல்மண் ஒட்டியபடி வார்டுக்குள் வந்தார்கள். தம்பி என்னிடம் ஏதோ கேட்டான், நான் ஏதோ சொன்னேன். மச்சாள் கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் கிடந்த பிள்ளையின் சட்டையை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனாள். கனநேரம் தோய்த்துக்கொண்டு நின்றாள்.

ஆறு நாள் வார்டில் இருந்தோம். ஏழாம் நாள் பிள்ளை கதிரையில் ஏறி நின்று பாட்டுப் பாடினாள். சுவாசப்பை தெளிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார்கள். தம்பியும் மச்சாளும் பிள்ளையோடு அடுத்த ரெயிலில் கொழும்புக்குத் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருசம் அவர்கள் வரவில்லை. டிசம்பர் என்றால் மழை, சித்திரை என்றால் மச்சாளுக்கு வேலை, ஓகஸ்ட் என்றால் பிள்ளைக்கு நடன வகுப்பு. தம்பி ரெலிபோனில் காரணம் சொல்லுவான். நான் "ஓம், ஓம்" என்பேன். சில நேரம் அவன் கதைக்கும்போது பின்னால் பிள்ளை இருமுவாள். சளித் தடிமனாக இருக்கும். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது.

இதை யாருக்கும் சொன்னதில்லை. பகல் பதினொரு மணியளவில், கணவர் வேலைக்குப் போய், வீடு அமைதியாக இருக்கும்போது, குசினிக்குள் அந்த இருமல் கேட்கும். கற்பனை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போய்ப் பார்ப்பேன். மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பேன். வீட்டில் மண்ணெண்ணெய் ஒரு துளியும் இல்லை. காஸ் வந்த அன்றைக்கே கானைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். ஆனாலும் எந்தப் போத்தலையும் மணந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டேன். மூதூரில் ஒரு கலியாண வீட்டில், பந்தியில் வைத்த தண்ணீரை நான் மணந்துகொண்டிருந்ததைக் கணவர் கண்டுவிட்டார். "என்ன செய்யிறீர்?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒண்டுமில்லை," என்றேன். அவருக்கும் அந்தப் பொய்யைத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

போன ஓகஸ்டில் அவர்கள் வந்தார்கள். பிள்ளை உயர்ந்து, முன்பல் ஒன்று விழுந்து, நிறையக் கதைக்கிறவளாக வந்தாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. இரண்டாம் நாள் காலையில் தம்பியும் கணவரும் அவளைக் கூட்டிக்கொண்டு கோட்டைப் பக்கம் மான் பார்க்கப் போனார்கள். நானும் மச்சாளும் குசினியில் நின்றோம். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முகம் பார்க்காமல் சொல்லுவது லேசு என்று அவளின் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

"மச்சாள், அண்டைக்கு அவள் தானாச் சத்தி எடுக்கேல்லை. நான்தான் விரல் விட்டனான். டொக்டருக்குப் பொய் சொன்னனான்."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்," என்றாள்.

"எப்பிடி?"

"ரெண்டாம் நாள் பெரிய டொக்டர் வந்து தொண்டையைப் பார்த்தவர். உள்ளுக்கு நகக்கீறல் இருக்கு, ஆர் விரல் விட்டதெண்டு கேட்டவர். நான்தான் எண்டு சொன்னனான்."

"நீங்கள் அங்கை நிக்கேல்லையே?"

"அவருக்கு அது தெரியாதுதானே. நடந்தது அவருக்குத் தெரியவேணும், அவ்வளவுதான். வார்டு முழுக்கக் கேக்கிற மாதிரி என்னை ஏசினவர். நீங்கள் அப்ப சாப்பாடு எடுக்க வீட்டை போயிருந்தனீங்கள்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "ஏன் என்னை மாட்டிவிடேல்லை?"

அவள் அப்போதுதான் திரும்பினாள். கைகளில் மீன் செதில். "நீங்கள் இருந்த இருப்பைப் பார்க்க, இன்னும் ஒரு சொல்லைத் தாங்குவீங்கள் எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனால் நான் மறந்திட்டன் எண்டு நினைக்காதேங்கோ, மச்சாள். ஒவ்வொரு லீவுக்கும் உங்கட தம்பி போவம் போவம் எண்டு கேட்டவர். நான்தான் ஏலாது எண்டனான். விரல் விட்டதுக்காக இல்லை, பதறினால் ஆரும் செய்வினம். ரெண்டு வருசம் நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

நான் அழவில்லை. அழுதால் அவள் என்னை ஆறுதல்படுத்த வேண்டிவரும், அது அவளின் வேலையில்லை என்று மட்டும் தோன்றியது. வெங்காயத்தை எடுத்து உரித்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் தம்பிக்கும் கணவருக்கும் நானே சொன்னேன். தம்பி எழும்பி வெளியே போய், கேற்றடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்து சாப்பிட்டான். அடுத்த நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அதற்கடுத்த நாள் தேத்தண்ணி கேட்டான்.

அவர்கள் போவதற்கு முதல்நாள் மச்சாள் பையை எடுத்துக்கொண்டு, "சந்தைக்குப் போட்டு வாறன். இவள் உங்களோட நிக்கிறாள்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆண்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லை. நான் விறாந்தையில் பிள்ளைக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்தேன். எழும்பவே இல்லை.

"ஏன் மாமி என்னையே பாக்கிறியள்?" என்றாள் பிள்ளை.

"சும்மாதான்."

"எனக்குத் தண்ணி விடாய்க்குது."

அவளையும் கையில் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். போத்தலைத் திறந்து, மணந்து, ஒரு மிடறு நான் குடித்து, பிறகு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு விறாந்தைக்கு ஓடினாள். நான் போத்தலை மூடிவிட்டு அவளுக்குப் பின்னாலேயே போனேன்.

இந்த டிசம்பருக்கும் வருவோம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். பகல் பதினொரு மணி இருமல் இன்னும் நிற்கவில்லை. முன்னைவிடக் குறைவு என்று சொல்லலாம். கேட்டால் இப்போது மச்சாளுக்கு ரெலிபோன் எடுக்கிறேன். "கேட்டதோ?" என்பாள். "ஓம்," என்பேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், மத்தியானம் வருவாள், காலையில் முட்டை சாப்பிட்டவள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.