மூடிய கைக்குள் ஒன்றுமில்லை

1. காது கேட்காத ஷாப்

ஒரகடத்தில் அந்த ஃபோர்ஜிங் கம்பெனியில் சேஃப்டி ஆஃபீசராகச் சேர்ந்த முதல் நாளே என் வாயை அடைத்துவிட்டார்கள். ஹாமர் ஷாப்புக்குள் நுழைந்து, "எல்லாரும் கண்ணாடி போடுங்க" என்று கத்தினேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் ஹாமர் இறங்கும்போது பல் ஆடும். அங்கே நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் என் எதிரில் வந்து, காதைத் தொட்டு, வாயைத் தொட்டு, இரண்டையும் கையால் துடைத்துப் போடுவதுபோல் காட்டினார். இங்கே இரண்டும் வேலைக்கு ஆகாது என்று அர்த்தம்.

எல்லோர் காதிலும் இயர் பிளக். பேச்சு முழுக்கக் கையில்தான். டீ வந்துவிட்டது என்பதற்கு ஒரு சைகை, கிரேன் வருகிறது என்பதற்கு ஒன்று, ஜி.எம். வருகிறார் என்பதற்குத் தொப்பையைத் தடவிக் காட்டும் சைகை ஒன்று. கேன்டீனில் உட்கார்ந்தும் அப்படியேதான் பேசுவார்கள். பிளக்கைக் காதிலிருந்து எடுக்க மறந்து பஸ் ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

இந்தக் கை பாஷையில் நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. யாராவது மயங்கி விழுந்தாலோ அடிபட்டாலோ, வலது கையை முஷ்டியாக மடக்கி உயரத் தூக்கி, இடது கையால் ஹெல்மெட்டில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். ஏன் முஷ்டி என்று கேட்பீர்கள். விரித்த கைக்கு அந்த ஷாப்பில் ஏற்கெனவே 'அஞ்சு நிமிஷம் பொறு' என்று அர்த்தம். அதைக் காட்டினால் ஒருவனும் அசைய மாட்டான். முஷ்டியைக் காட்டினால், பார்க்கிறவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். மாதம் ஒருமுறை டிரில் வைத்து அதை அவர்கள் உடம்பிலேயே ஏற்றிவிட்டேன்.

இன்னொரு விதியும் வைத்தேன். தொட்டிக்குள் ஒருவன் விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியில் வாசனை தெரிவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும் வாயு இருக்கும். காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்து சாவதுதான் எங்கும் நடக்கிற கதை.

கழிவுநீர் பிளான்ட்டை நாங்கள் ஈ.டி.பி. என்போம். அங்கே வேலை பார்த்த ஏழுமலைக்கு இந்த விதி பிடிக்கவில்லை. வாலாஜாபாத் பக்கத்து ஆள், என் ஊர்க்காரர்தான்.

"இன்னா மேடம், கூடப் பொறந்தவன் உள்ள வுழுந்தாலும் நின்னுகினு வேடிக்க பாக்கணுமா?"

"வேடிக்கை பாக்காதே. ஓடு. கண்ணுல படுற மொத ஆள்கிட்ட ஓடு."

பின்வரிசையிலிருந்து பாண்டி எழுந்தான். சிவகங்கைப் பக்கத்துப் பையன், மெயின்டனன்சில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். சேரப்பணஞ்சேரியில் ஒரே அறையில் ஆறேழு பேரோடு தங்கியிருந்தான். எதையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்வான்.

"நேரா ஓடணுமா மேடம்? நிக்கவே கூடாதா?"

"நிக்கவே கூடாது."

"சரிங்க மேடம்" என்று உட்கார்ந்தான்.

2. ஸ்டிரைக் நாள்

2012 என்று நினைக்கிறேன். சங்கம் வைத்த மூன்று பேரைக் கம்பெனி வெளியே அனுப்பியதால் பெர்மனென்ட் ஆட்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஸ்டிரைக் ஏது? அவர்கள் உள்ளே வந்தார்கள். வாசலில் நின்றவர்கள் பாண்டியைப் பெயர் சொல்லியே கருங்காலி என்றார்கள். அவன் தலையைக் குனிந்தபடி பஞ்ச் அடித்துவிட்டு உள்ளே போனான்.

அன்று காலையில் முகத்தில் கர்ச்சீப் கட்டிய சிலர் ஸ்டாஃப் பஸ் மீது கல்லெறிந்துவிட்டு ஓடியிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அதனால் மெயின் கேட்டுக்கு உள்ளேயே ஒரு போலீஸ் வரிசையை நிறுத்திவிட்டார்கள். சிலரிடம் லத்தி, இரண்டு பேரிடம் துப்பாக்கி. இன்ஸ்பெக்டர் வரிசை முன்னால் நடந்துகொண்டே, "மூஞ்சில துணி கட்டிக்கினு எவன் வந்தாலும் உடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டைம் ஆஃபீஸ் வாசலில் டீ டம்ளரோடு நின்றேன்.

பகல் பன்னிரண்டு மணி வெயில். ஹாமர் ஓடாததால் ஷாப் அமைதியாக இருந்தது. தூரத்தில் ஈ.டி.பி. பக்கம் கம்ப்ரஸர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் ஓடி வந்தான்.

முகத்தில் தொட்டி நாற்றத்துக்காகக் கட்டிய ஈரக் கர்ச்சீப். வலது முஷ்டி தலைக்கு மேலே. இடது கை ஹெல்மெட்டில் தட்டிக்கொண்டே இருக்கிறது. கண்ணில் பட்ட முதல் ஆட்கள் போலீஸ்காரர்கள், அவர்களை நோக்கி நேராக ஓடி வருகிறான், நிற்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. டிரில்லில்கூட எவனும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, பாண்டி. ஆள் விழுந்திருக்கிறது. டம்ளரைப் போட்டுவிட்டு, "சார், சார்" என்று ஓடினேன்.

"நில்றா" என்றார் இன்ஸ்பெக்டர். "நில்லு, சுட்டுடுவேன்."

காதில் பிளக் வைத்திருப்பவனுக்கு இது எப்படிக் கேட்கும்? கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து வருகிறான். அவன் தட்டிக்கொண்டே வந்தான்.

"கையில கல்லு வெச்சிருக்கான். ஃபயர்" என்றார் இன்ஸ்பெக்டர்.

துப்பாக்கி வெடித்தது. அதைவிடப் பெரிய சத்தத்தை ஹாமர் ஷாப்பில் தினமும் கேட்டிருக்கிறேன், ஆனால் அன்று காதைப் பொத்திக்கொண்டேன். பாண்டி பக்கவாட்டில் சுழன்று விழுந்தான். தூக்கிய கையின் தோளில் குண்டு. சுட்ட கான்ஸ்டபிள் துப்பாக்கியை இறக்காமலே ஓடி அவன் பக்கத்தில் முட்டி போட்டார். சின்ன வயசுதான், அன்பரசு என்று சட்டையில் பெயர்.

"கைய பாரு, கையில இன்னா கீது பாரு" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

அன்பரசு அந்த முஷ்டியை விரல் விரலாகப் பிரித்தார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார். மறுபடியும், "ஒண்ணுமே இல்ல சார்."

கீழே கிடந்தவன் இடது கையால் இன்னும் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அந்தக் கையை ஈ.டி.பி. பக்கம் நீட்டினான்.

"ஏழுமலையண்ணே மேடம். சம்புக்குள்ள. நான் குதிக்கல மேடம்."

3. வின்ச் கைப்பிடி

கம்பெனி ரெஸ்க்யூ டீம் முழுவதும் பெர்மனென்ட் ஆட்கள், அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே. எனக்கு எதிரில் இருந்தது ஒருவனைச் சுட்டுவிட்டு விறைத்து நிற்கிற போலீஸ் மட்டும்தான். ஆனால் கோபத்துக்கு அப்போது நேரமில்லை.

"சார், இவனை உங்க ஜீப்புல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. தோளை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே போகணும். மத்தவங்க என்கூட ஓடி வாங்க. உள்ள ஒரு ஆள் செத்துக்கிட்டு இருக்கான்."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அன்பரசு துப்பாக்கியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் ஓடத் தொடங்கிவிட்டார். அவர் பின்னால் நாலைந்து பேர்.

சம்ப் என்பது கழிவுநீர் வந்து விழும் ஆழமான தொட்டி. பம்ப் அடைப்பை எடுக்கக் குனிந்திருக்கிறார் ஏழுமலை. உள்ளே சேற்றுத் திட்டில் ஒருக்களித்துக் கிடந்தார். நல்லவேளை, முகம் தண்ணீருக்கு வெளியே. ஒரு போலீஸ்காரர் ஏணியில் கால் வைத்தார். அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்காதீங்க. நீங்களும் விழுவீங்க."

"அப்புறம் எப்டிமா?"

"சொல்றேன். சொல்றத மட்டும் செய்யுங்க."

புளோயரைப் போட்டு உள்ளே காற்றைத் தள்ளினோம். மூச்சுக் கருவியை நானே முதுகில் மாட்டினேன். மூன்று கால் ஸ்டாண்டைத் தொட்டி மேல் நிறுத்தி, வின்ச் கயிற்றை இறக்கி, அன்பரசு கையில் கைப்பிடியைக் கொடுத்தேன். கையை மேலே காட்டினால் சுற்று, விரித்துக் காட்டினால் நிறுத்து. அவ்வளவுதான் பாடம். கை முழுக்கப் பாண்டியின் ரத்தத்தோடு அந்த மனிதர் தலையாட்டினார்.

இறங்கினேன். ஏழுமலையின் தோளுக்கு அடியில் ஹார்னஸ் வாரை மாட்டுவதற்குள் என் கண்ணாடி முழுக்க ஆவி. கையை மேலே காட்டினேன். கயிறு இறுகியது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், ஏழுமலை மேலே போனார். அன்று அந்தக் கைப்பிடியைச் சுற்றியதுபோல் என் டீமில்கூட யாரும் சுற்றியதில்லை. 108 வந்து ஆக்சிஜன் வைத்தபோது ஏழுமலை இருமினார். அந்த அசிங்கமான இருமலைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தேன், எனக்கு வெட்கமாகவே இல்லை.

4. ஜன்னல்

மறுநாள் ஆஸ்பத்திரியில் பாண்டியின் காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டியிருந்தார்கள். போலீசைக் கொல்ல வந்தான் என்று கேஸ். முகமூடி, ஓங்கிய கை, கல். அந்தக் கல்லும் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்தது. ஊரில் அவன் அம்மாவுக்கு மகன் குண்டடி பட்டது ஒரு சேதி, கொலைகாரன் என்பது இன்னொரு சேதி. கேஸ் நிரூபணமாகிவிட்டால் அவனுக்கு ஜெயில்தான், அப்புறம் இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிக் கதவும் அவனுக்குத் திறக்காது.

துப்பாக்கிச் சூடு நடந்தால் கோட்டாட்சியர் விசாரிப்பார். என்னையும் அவர் ஆஃபீசுக்குக் கூப்பிட்டார்கள். கோட்டாட்சியர் நிதானமான ஆள். இன்ஸ்பெக்டர் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"சார், கைய மூடி ஓங்கிக்கினு ஓடி வரான். மூஞ்சில துணி. நில்லுன்னா நிக்கல. வேற இன்னான்னு நெனைக்கிறது?"

நான் சைகையைப் பற்றிச் சொன்னேன். கோட்டாட்சியர் பேனாவை மூடிவிட்டு, "அம்மா, இப்படி ஒரு சைகை நிஜமாவே இருக்கா? இல்ல, பையனைக் காப்பாத்த இப்ப சொல்றீங்களா?" என்றார்.

எனக்கு முன்கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். எழுந்து ஜன்னலுக்குப் போனேன். வெளியே காம்பவுண்டுக்கு அப்பால், விசாரணையைக் கேள்விப்பட்டு வந்த ஸ்டிரைக் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள், குறுக்கே போலீஸ் வரிசை. பாண்டியைக் கருங்காலி என்றவர்களும் அதில் இருந்தார்கள். சாலையில் லாரி இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. வலது முஷ்டியைத் தூக்கி, இடது கையால் என் தலையிலேயே தட்டினேன்.

அவர்கள் திருப்பிக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் ஓடி வந்தார்கள். டிரில் என்றால் டிரில். கையில் இருந்த கொடி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு, அத்தனை பேரும் போலீஸ் வரிசையை முட்டிக்கொண்டு கட்டடத்தை நோக்கி. லத்திகள் மேலே போயின. ஒருவர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார்.

அப்போது தாழ்வாரத்தில் சாட்சி சொல்லக் காத்திருந்த ஒருவர் பாய்ந்து போய்த் தன் ஆட்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். அன்பரசு.

"அடிக்காத, அடிக்காத. உள்ள ஆள் வுழுந்துட்சின்னு வரானுங்க. ஒதவிக்கு வரானுங்க சார், ஒதவிக்கு."

லத்திகள் அப்படியே நின்றன. முதலில் வந்த இருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கக் கேட்டார்கள்.

"எங்க மேடம்? யாரு வுழுந்தா?"

"யாரும் விழல" என்றேன். "சார்தான் கேட்டாரு, இப்படி ஒரு சைகை இருக்கான்னு."

கோட்டாட்சியர் என் பக்கத்தில் வந்து நின்று, வெளியே சிதறிக் கிடந்த கொடிகளையும் சாப்பாட்டுப் பைகளையும் பார்த்தார். அப்புறம், "அந்த கான்ஸ்டபிளை உள்ள கூப்பிடுங்க" என்றார். அன்பரசு உள்ளே வந்து, கையில் ஒன்றுமில்லை, கல் எதுவும் இல்லை, பிரித்துப் பார்த்தது நான்தான் என்றார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

5. பாதிக் கை

பாண்டி மேல் போட்ட கேஸ் ரத்தானது. அன்பரசுவை எங்கேயோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் சுட்டதை நான் மன்னிக்கவில்லை. அந்த வின்ச் கைப்பிடியையும் ஜன்னலுக்கு வெளியே விரிந்த கைகளையும் மறக்கவும் இல்லை.

மேனேஜ்மென்ட் என்னைக் கூப்பிட்டு, சைகையை மாற்றச் சொன்னது. முஷ்டி வேண்டாம், இனி போலீஸ் இருந்தால் கையை விரித்து மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள் என்றார்கள். திரும்பி வேலைக்கு வந்திருந்த பாண்டியிடம் கேட்டேன்.

"நான் சரியாத்தேன் காட்டுனேன் மேடம். அவுகளுக்குத் தெரியலைன்னா அவுகளுக்குச் சொல்லிக் குடுங்க" என்றான்.

அப்படியே செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் கேட்டுக்கு எப்போது பந்தோபஸ்து வந்தாலும், முதல் வேலையாக அவர்களை வரிசையாக நிறுத்தி எங்கள் சைகைகளைக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சேஃப்டி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உயிருக்காக ஓடி வருகிறவன் கைகட்டிக்கொண்டு மெதுவாக வரமாட்டான். அவனைப் புரிந்துகொள்வது நிற்கிறவன் வேலை.

பாண்டியின் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழவில்லை. டிரில் எடுப்பது இப்போது அவன்தான். நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அவன் டிரில் நடத்தினான். எல்லோரும் முஷ்டியைத் தோள் மட்டத்திலேயே நிறுத்தினார்கள். ஒருவனைப் பிடித்து, "கை ஏன்டா பாதியில நிக்குது?" என்றேன்.

"இவ்ளோதான் மேடம் தூக்கணும்" என்றான் அவன், எனக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில். "பாண்டியண்ணன் அப்படித்தான் காட்டுவாரு."

நான் திருத்தவில்லை.