பெரியப்பா சொல்லாத பெயர்

அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே வெளிநாட்டுச் சோப்பு வாசனை மூக்கில் ஏறும். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, லீவில் வரும்போது பெட்டியில் சோப்புக்கட்டிகளோடு சேர்த்துத் திணித்துக் கொண்டுவந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல் அது. அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் நவஹோ மக்களைப் பற்றியே கதை கதையாக எழுதிய ஓர் எழுத்தாளருடையது. அவரும் இறந்துவிட்டார், ஆகவே அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். காரணம் போகப்போகத் தெரியும்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த லீவு முழுக்கச் சாயங்காலமானால் அப்பா மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து எனக்குக் கதை சொல்வார். அதில் வரும் நவஹோ போலீஸ்காரர் மண்ணில் காலடித்தடம் பார்ப்பார், அவசரமே படமாட்டார், யாரையும் மிரட்டமாட்டார்.

"செத்தவங்க பேரை மட்டும் அவங்க வாயால சொல்லவே மாட்டாங்க பாப்பா. சொன்னா ஆவி தேடிக்கிட்டு வந்துடும்னு பயம்" என்றார் அப்பா.

"அம்மாவும்தான் உங்க பேரைச் சொல்றதில்ல."

"அடிப்பாவி, நான் உசுரோடதானே இருக்கேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பாதிக் கதையில் லீவு முடிந்தது. மீதியை அகராதியை வைத்துக்கொண்டு நானே முட்டி மோதிப் படித்துக்கொண்டிருந்தேன். குறுவை அறுப்பு நெருங்கிய சமயம், வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் அப்பாவின் போன் நின்றது. "அங்க லைன் ரிப்பேராம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் அப்பாவின் அண்ணனான பெரியப்பா. அம்மா நம்பினாள். அடுத்த லீவுக்கென்று நார்த்தங்காய் நறுக்கி உப்பில் போட்டாள்.

எனக்கென்னவோ உறுத்தியது. பேச்சுக்குப் பேச்சு 'குருநாதன், குருநாதன்' என்று தம்பி புராணம் பாடும் பெரியப்பாவின் வாயில் இப்போது அந்தப் பெயரே வரவில்லை. அறுப்பு மெஷின்காரர் வந்து "நாளைக்கு எந்த வயல்ல இறக்கறதுங்க?" என்று கேட்டபோது, ஊரே 'குருநாதன் வயல்' என்று சொல்வதைப் பெரியப்பா, "அதான்... அந்தக் கீழண்டைப் பக்கம்" என்றார். அது மட்டுமா, பூக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர் தினமும் அம்மாவுக்கு மல்லிகை வாங்கிவந்தார். "உங்க பெரியப்பாவுக்கு என்னடி வந்துச்சு?" என்று சிரித்தபடி அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே ஒருவர் இறந்துபோனால், உடல் வந்து சேரும்வரை அவர் மனைவியிடம் மூச்சுவிடமாட்டார்கள். அதுவரையாவது அவள் பூவும் பொட்டுமாக இருக்கட்டுமே என்ற இரக்கமாம். என்ன இரக்கமோ! ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும், அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. என் அம்மாவை அப்படி நிற்க வைப்பதை என்னால் தாங்கமுடியவில்லை.

மறுநாள் மதியம் பெரியப்பா பூப்பொட்டலத்தோடு வாசலில் நுழைந்தார்.

"பெரியப்பா, அப்பா பேரைச் சொல்லுங்க."

"என்ன பாப்பா, விளையாட்டு?"

"ஒரே ஒரு தடவ சொல்லுங்க."

வாயைத் திறந்தார். உதடு கோணியது, சத்தம் வரவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்து என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த பூவைப் பார்த்தாள். ரேஷன் கடையில்கூடப் புருஷன் பெயரை என்னைவிட்டுச் சொல்லவைப்பவள், "குருநாதன் நல்லாருக்காருன்னு சொல்லுங்க மாமா" என்றாள். "சொல்லுங்க. குருநாதன் நல்லாருக்காருன்னு சொல்லுங்க."

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதார். வேலையிடத்தில் இரும்புச் சாரம் சரிந்து அப்பா போய், ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது.

இப்போது அப்படி மறைக்க யாராலும் முடியாது. சமீபத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குக் கத்தாரிலிருந்து செய்தி வாட்ஸப்பில் நேராகவே வந்துவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசுவதற்குள் அவள் அலறல் கேட்டது. மறைப்பது தப்பு என்று சண்டைபோடும் கட்சிதான் நான், இன்றைக்கும். ஆனாலும் அந்த அலறலைக் கேட்டபோது, பூ வைத்துக்கொண்டு அம்மா சிரித்த அந்தச் சில நாட்கள் ஞாபகம் வந்து, நான் கேட்டது சரிதானா என்று அவளிடமே கேட்கவேண்டும் போலிருந்தது. "போடி, நீயாவது கேட்டியே" என்பாளோ, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாமேடி" என்பாளோ. கேட்பதற்கு அம்மா இல்லை.