தேவராஜ் கட்டிய பாட்டு

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று நாற்பது. கரண்ட் போய் மூன்று நிமிடம் ஆகியிருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், மூன்றாம் நம்பர் மெஷின் மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்த ஓனர் சுப்ரமணி அதிகம் பேசவில்லை. வைத்துவிட்டு, அங்கேயே வேலை பார்த்த நிஷாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். காஞ்சிபுரம் போன அவள் அண்ணன் தேவராஜின் வண்டியை லாரி இடித்துவிட்டது. உயிர் இல்லை.

யூபிஎஸ் கத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் நிஷாவின் காதில் விழுந்தது.

அந்த மெஷினின் ஹார்ட் டிஸ்க் ஒரு வாரமாகத் தடதடத்துக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி எழாது. அதனால்தான் சென்டர் மெஷின்களைக் கவனித்துக்கொள்ளும் தேவராஜ் அதை அணைக்காமலே விட்டு, புது டிஸ்க்கும் நல்ல ஃபிளாப்பிகளும் வாங்கி வரக் கிளம்பியிருந்தான். அவனுடைய பாட்டு அதற்குள் மட்டும்தான் இருந்தது.

சாலவாக்கம் காலனியில், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற மார்த்தாளின் மூத்த மகன் அவன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டே டிகிரி முடித்தவன். 1999இல் ஏனாத்தூர் சிநேகிதன் ஒருவன் கொடுத்த சிடியில் அந்த மியூசிக் பிளேயர் கிடைத்தது. மற்ற பிளேயர்கள் பாட்டைப் பாடும். இது பாட்டைப் பிரித்தும் காட்டும். வெட்டியெடுத்த சின்னச் சின்ன ஒலிகள் ஒரு பட்டியலாக நிற்கும். எது எப்போது ஒலிக்க வேண்டும் என்கிற வரிகள் திரையில் மேலேறிக்கொண்டே போகும். எங்கோ வெளிநாட்டில் முகம் தெரியாதவர்கள் கட்டிய பாட்டுகளை அவன் வரிவரியாகப் பார்த்தான்.

"சோறு ஆக்கறத பாத்துக்கினே துன்ற மாதிரி கீது நிஷா" என்பான்.

பிறகு அவனே ஒன்று கட்ட ஆரம்பித்தான். டவுன் பஸ் ஹாரன், மில் பெல்ட் அடிக்கும் சத்தம், அம்மா கூப்பிடுவது, நிஷாவின் தும்மல். இரண்டு வருஷ வேலை.

நிஷா இழுத்துத் திறந்த பெட்டியில் ஐந்து பழைய ஃபிளாப்பிகள் கிடந்தன. மழைக்காலத்துப் பூசணம் பிடித்த நான்கை மெஷின் படிக்க மறுத்தது. ஐந்தாவது திறந்தது.

"உங்கம்மாவுக்கு யாரு போயி சொல்றது? கீயே ஆட்டோ நிக்குது. இன்னா பண்ணிக்கினு கீற நீ?" என்றார் சுப்ரமணி.

"அஞ்சு நிமிஷம் சார். அண்ணன் பாட்டு."

ஃபோல்டரில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. பாட்டு, 980 கேபி. இன்னொன்று, புது மைக்கைச் சோதிக்க தேவராஜ் பேசியது, 690. ஒரு நிமிஷம் பஸ் டைமை வாசித்து, கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்து நிறுத்தியிருப்பான். அவன் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. ஃபிளாப்பி கொள்வது 1440. இரண்டும் போகாது.

யூபிஎஸ்ஸின் கத்தல் நெருங்கி நெருங்கி வந்தது. அம்மாவுக்கு வேண்டியது எது என்று நிஷாவுக்குத் தெரியும். கர்சர் பேச்சின் மேல்தான் நின்றது. ஆனால் அது அவன் ஒரு நிமிஷம் பேசிவிட்டு மறந்தது. அவள் பாட்டை ஃபிளாப்பிக்கு ஏற்றக் கொடுத்தாள்.

"மானிட்டர அணைச்சிடு. கொஞ்சம் தாங்கும்" என்று சுப்ரமணி தாழ்ந்த குரலில் சொன்னார்.

அணைத்தாள். இனி பார்க்க ஒன்றுமில்லை. டிரைவ் கறகறப்பதை மட்டும் இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கறகறப்பு நின்றது. முடிந்ததா, பாதியில் விட்டதா? அவள் கை மானிட்டர் பட்டனுக்குப் போவதற்குள் யூபிஎஸ் 'டக்'கென்று அடங்கியது. மெஷின் அதற்குப் பிறகு எழவே இல்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள், மார்த்தாளை சென்டருக்கு அழைத்துவந்து வேறொரு மெஷினில் ஃபிளாப்பியைப் போட்டாள் நிஷா. பாட்டு முழுசாக வந்திருந்தது. மார்த்தாள் ஸ்பீக்கருக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள்.

"இது எங்குரலு. தும்மறது நீ. அவன் எங்கடி?"

நிஷா ஒலிகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிப் பார்த்தாள். பதினைந்தாவது இடத்தில் ஆங்கில எழுத்தில் 'நான்' என்று பெயர் மட்டும் போட்டு வைத்திருந்தான். அதற்கு நேரே ஒலியின் நீளம் பூஜ்ஜியம்.