ரூத் ஏறிய இரும்புப் படிகள்

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ரூத் வேலை செய்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடந்தான். டேனிஷ் இன்னும் நாக்கில் இடறும். அதற்காக நினைத்ததைச் சொல்லாமல் விடமாட்டாள்.

அவள் பராமரித்தவர்களில் ஒருவர் ஸ்வென். சரக்குக் கப்பல்களில் எஞ்சின்காரராக இருந்தவர். பக்கவாதத்தில் இடதுகால் செயலிழந்துவிட்டது. பனாமா கால்வாயைப் பலமுறை கடந்தும் ஒருமுறைகூட அதைக் கண்டதில்லை. அந்த நேரமெல்லாம் கப்பலின் அடியில் எஞ்சினோடு நின்றார்.

"மேலே நின்றவர்கள் காட்டைப் பற்றியே பேசுவார்கள். துணைக்கு ஆள் கிடைத்தால் இப்போதே போவேன்," என்றார்.

"நான் வருகிறேன்," என்றாள் ரூத்.

கணவன் தேவநாயகம் திடுக்கிட்டான். "உமக்கென்ன விசரே? சேர்ச் சபையில என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும். அந்த மனுசன் ஒருக்கா பாக்கட்டும். நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தவன், மூன்றாம் நாள் ஒரு மழைக்கோட்டு வாங்கிவந்தான். "அங்க சரியான மழையாம்," என்றான்.

1986 ஒக்டோபரில் இருவரும் பனாமாவில் சுற்றுலாப் படகு ஏறினார்கள். சக்கர நாற்காலி கீழ்த்தளத்தோடு நின்றுவிட்டது. மேலே போக ஒடுக்கமான இரும்புப் படிகள். கீழ்த்தள யன்னலில் கால்வாயின் சீமெந்துச் சுவர் மட்டுமே தெரிந்தது. படகுக்காரர் கையை விரித்தார்.

"பரவாயில்லை ரூத், இங்கேயே இருப்போம்," என்றார் ஸ்வென்.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்!" கோபத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது.

அவரை முதற்படியில் இருத்தி, பின்னால் அடுத்த படியில் அமர்ந்து, அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினாள். அவர் வலதுகாலால் உந்தினார். ஒரு படி. இன்னொரு படி. பாதியில் நிறுத்தினாள். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது பயணிகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

கதவுகளால் அடைத்த கால்வாய்த் தொட்டிக்குள் தண்ணீர் ஏறியது, படகும் ஏறியது. பெரிய கதவுகள் திறந்தன. அப்பால் இருகரையும் பச்சைக் காடு. மழை கொட்டத் தொடங்க, மற்றவர்கள் கீழே ஓடினார்கள். ரூத் மழைக்கோட்டை ஸ்வென்னுக்குப் போர்த்தினாள். அவர் கோட்டின் தலைமூடியைத் தள்ளிவிட்டு முகத்தை மழைக்குக் கொடுத்தார்.

எதிரே டென்மார்க் கொடியோடு ஒரு கப்பல் வந்தது. "ஒடென்சே! நாங்கள் ஒடென்சே!" என்று ஸ்வென் கத்தினார். ரூத்தும் சேர்ந்து கத்தினாள். தளத்தில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். கப்பலின் ஊதல் காடு முழுக்க அதிர்ந்தது.

அடுத்த கோடையில் இல்லத்து மூதாட்டி ஒருவர், தான் பிறந்த கிரீன்லாந்தைப் பார்க்க ஆசைப்பட்டார். யாரை அனுப்புவதென்று ஒருவரும் யோசிக்கவேயில்லை. ரூத் கம்பளிச் சட்டை தேடத் தொடங்கியிருந்தாள்.