பிர்ச் மரத்தடியில் வந்து விழும் மரச்சில்லு

நியூஜெர்சியில் மகன் வீட்டில் என் பொறுப்பில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், வாசலில் நிற்கும் பிர்ச் மரம். மூன்று தண்டு, வெள்ளைப் பட்டை. காரும் என் கையில் இல்லை, சமையலறையும் இல்லை. அதனால் போன கோடையில் அதன் உச்சியில் ஏழு கிளைகள் இலை உதிர்ந்து மொட்டையானபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்ல துளிர்க்கலைன்னா கட் பண்ணிடலாம்பா. கார் மேல விழுந்தா வம்பு" என்றான்.

மரத்தடியைச் சுத்தமாக வைத்திருப்பதில் நான் குறை வைத்ததில்லை. தினமும் காலையில் சருகைக் கூட்டி, மண் தெரியும்படி பாத்தி கட்டித் தண்ணீர் விடுவேன். மறுநாள் பார்த்தால் அங்கே கரும்பழுப்பில் மரச்சில்லு கிடக்கும். செடியடியில் பரப்ப இந்த ஊர்க் கடைகளில் மூட்டையாக விற்பார்களே, அது. கூட்டித் தள்ளினால் மறுபடி வரும். பக்கத்து வீட்டு அமெரிக்கர் தன் பூச்செடிகளுக்குப் போட்டிருப்பதும் அதே நிறம். எங்கள் மரத்துச் சருகு தன் வீட்டு மழைநீர்க் குழாயை அடைக்கிறது என்று ஒருமுறை மகனிடம் குறைபட்டவர் அவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தேவைக்கு மேல் சிரிப்பார். மரம் பட்டுப்போகச் சில்லோடு என்ன மருந்தைக் கலந்து கொட்டுகிறாரோ என்று ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை. அதுவே சரியில்லை என்று பட்டது.

ஒரு நாள் மதியம் தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாடி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு கராஜ் திறந்தது. மூட்டையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது என் மனைவி.

இறங்கிப் போனேன். தண்டில் படாமல் அவள் சில்லைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"நீங்க தள்ளத் தள்ள நானும் கொட்டிட்டுதான் இருக்கேன். இதுக்கு வேர் குளிர்ச்சியா இருக்கணுமாம். நீங்க வெயில்ல போட்டு வாட்டுறீங்க."

"யார் சொன்னது?"

"அவர்தான். மூட்டையும் அவர் குடுத்ததுதான்."

"எந்த பாஷையில?"

"கையைக் காட்டித்தான். உங்ககிட்ட சொன்னா நூறு கேள்வி கேப்பீங்க."

நூறெல்லாம் இல்லை, ஒன்றுதான் கேட்டேன். நம் மரத்தின்மேல் அவருக்கு என்ன அக்கறை? சாயங்கால வெயிலில் இதன் நிழல் அவர் ஜன்னலில் விழுகிறது என்றாள். நம்பக்கூடிய காரணமாக இருந்தது. கூட்டுவதை நிறுத்தினேன்.

இந்த வசந்தத்தில் ஏழில் ஐந்து துளிர்த்தன. மகன் ஆளை வரவழைத்து, காய்ந்த இரண்டை மட்டும் வெட்டச் சொன்னான். மூன்று தண்டும் நிற்கின்றன. அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் புது மூட்டை ஒன்றை எங்கள் பக்கம் வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் உள்ளே போனதும் மூட்டையை கார் நிற்கும் டிரைவ்வேயில் கொட்டி, அடிவரை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் மரத்தடிக்கு அள்ளிக்கொண்டு போனேன்.