மருந்தை நிறுத்துகிறவள்

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வெர்னா லாமனெனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'பிரேக்'. காதுபடவே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். மருந்தாளர் என்றால் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் காலையில் அவளோடு நடந்து பார்க்க வேண்டும். டாக்டர்கள் படுக்கை படுக்கையாகப் போகும்போது பின்னாலேயே வருவாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆன்டிபயாடிக் தொடங்கி எத்தனை நாளாகிறது என்று கையிலுள்ள தாளில் குறித்திருப்பாள். மூன்றாம் நாள் ஆகிவிட்டால் பிடித்துக்கொள்வாள்.

"லேப் ரிசல்ட் வந்தாச்சு. இந்த ரெண்டாவது மருந்து இன்னும் எதுக்கு ஓடுது?"

"இருந்துட்டுப் போகட்டுமே வெர்னா, ஒரு பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு? அவருக்கா, உங்களுக்கா?"

இருபத்தாறு வருடமாக இதே கேள்விதான். பதினாறு வயதில் அயர்ன்வுட் என்கிற ஊரில் ஒரு மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்கத் தொடங்கியவள். பிறகு படித்து இங்கே வந்தாள். கல்யாணம் ஒன்று செய்துகொண்டாள். அதையும் ஏழாவது வருடம் நிறுத்திவிட்டாள் என்று நாங்கள் கேலி செய்வோம், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு. பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியை எங்களிடம் வந்தாள், முப்பத்தொரு வயது. ரத்தத்தில் கிருமி. லேபில் பதினெட்டு மருந்துகளை வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் அது அசையவில்லை. வேண்டாத இடத்திலெல்லாம் மருந்தை இறைத்து இறைத்து, கிருமிக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது. வேறு ஏதாவது மருந்து கிடைக்குமா என்று வெர்னா ஆறு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமை அந்தப் பெண் இறந்துபோனாள். நான்தான் அன்று அவளுக்கு நர்ஸ். நான் அழுதேன், வெர்னாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவே வேண்டாம் என்பது என் ஆசை.

போன நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கிவிட்டால் அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள எங்கள் மேல் மிச்சிகனில் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். மருத்துவமனையை மூட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் டாக்டர்களில் பாதிப்பேர் காட்டில் இருந்தார்கள். வெர்னாவும் அண்ணன்மாரின் வேட்டைக் குடிசைக்குப் போயிருந்தாள். வேட்டை நடக்கும் இரண்டு வாரத்துக்கு மட்டும் சிகாகோவிலிருந்து டாக்டர் ஹாஸ்கின்ஸ் வந்திருந்தார். கெட்டிக்காரர், ஆனால் இரவு பகலாக வேலை பார்த்துத் தூங்காத மனிதர்.

அந்த வாரம் வந்து சேர்ந்தவர்தான் டெல்மர் நியேமி. சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், ஐம்பத்தெட்டு வயது. ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, வென்டிலேட்டரில் போட்டோம். கனமான ஆன்டிபயாடிக் இரண்டு ஏற்றினோம். அது சரிதான். மூன்றாம் நாள் லேப் முடிவு வந்தது: சாதாரணக் கிருமி, சின்ன மருந்து ஒன்றே போதும். ஆனால் கேட்க வேண்டியவள் காட்டில் இருந்தாள். வேறு யாரும் கேட்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு பை வீதம் தொங்கவிட்டவள் நான், நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் நன்றாகத் தேறினார். ஆறாம் நாள் மறுபடி காய்ச்சல், முப்பத்தொன்பதரை டிகிரி செல்சியஸ். மூச்சுக்குழாயிலிருந்து சளி எடுத்து அனுப்பினோம். லேபிலிருந்து வந்தது கெட்ட செய்தி: ஒரே ஒரு பழைய மருந்துக்கு மட்டுமே சாகிற கிருமி. அந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பதில் பேர் போனது. டெல்மருக்கு இருப்பதோ ஒன்றுதான். இன்னொன்றைப் பதினோரு வருடத்துக்கு முன் தங்கை ஜோலீனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை. தொற்று பரவாமலிருக்க, உள்ளே போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மஞ்சள் அங்கிகள் அறைக் கதவில் தொங்கின. ஹாஸ்கின்ஸ் அந்தப் பழைய மருந்தை எழுதிவிட்டிருந்தார். அப்போதுதான் வெர்னா வந்தாள், குளிர்காற்றில் கன்னம் சிவந்து, உடம்பெல்லாம் விறகுப் புகை வாசனையோடு. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒன்பது நாளா ரெண்டும் ஓடுதா?"

"ஓடுது" என்றேன். தலை நிமிரவில்லை.

அவள் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் டெல்மரின் பக்கத்தில் பத்து நிமிடம் சும்மா நின்றாள். வெளியே வந்து சொன்னாள்: "நீங்க புதுசா எழுதின மருந்தை நான் அனுப்பப் போறதில்ல, டாக்டர்."

"ரிப்போர்ட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆளையும் பாத்தேன். முப்பத்தொன்பதரை காய்ச்சல்ல பல்ஸ் நூறைத் தாண்டணும், இவருக்கு எழுபத்தெட்டு. எக்ஸ்ரே போன வாரத்தைவிட நல்லா இருக்கு. ஆக்சிஜனைக் குறைச்சுட்டே வர்றீங்க. கண்ணைத் திறந்து என்னைப் பாத்துப் புருவத்தைத் தூக்குறாரு. நோய் முத்தின ஆளு இப்படியா இருப்பாரு?"

"அப்ப காய்ச்சல் எங்கிருந்து வருது?"

"நீங்க ஏத்துற மருந்துலருந்து. ரத்தத்துல அலர்ஜி அணு ஏறியிருக்கு, யாரும் கவனிக்கல. அந்தக் கிருமி வென்டிலேட்டர் குழாய்ல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைத் துரத்தப் போயி இவரோட கிட்னியைத் தொலைக்கணுமா? எல்லாத்தையும் நிறுத்துங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நிமோனியாவுக்கு ஒன்பது நாள் மருந்தே தாராளம். ரெண்டு நாள் குடுங்க. பல்ஸ் ஏறினாலோ பிரஷர் இறங்கினாலோ நானே அந்த மருந்தைக் கொண்டுவந்து மாட்டுறேன்."

ஹாஸ்கின்ஸ் திரையில் எக்ஸ்ரேயை மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு எழுதியதை அடித்தார். அதற்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

கஷ்டம் அடுத்துதான் வந்தது. ஜோலீன் முகக்கவசத்தோடு வந்து நின்றாள். அண்ணனின் சிறுநீரகம் உடம்பில் தங்க வேண்டும் என்பதற்காகத் தினமும் பிடி மாத்திரை விழுங்குகிறவள், அவளுக்குத் தொற்று ஆகவே ஆகாது. எத்தனை சொன்னாலும் வராமல் இருக்க மாட்டாள்.

"இருக்கிறதிலேயே பலமான மருந்தை நிறுத்திட்டியாமே? நீ யாரும்மா? டாக்டரா?"

"இல்ல. மருந்தாளர்."

"எங்கண்ணன் செத்தா?"

"சாக மாட்டாரு."

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்றே?"

"தப்பா இருந்தா ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும், திருத்திக்கலாம். கிட்னி போச்சுன்னா திருத்த முடியாது. அது ஒங்களுக்குத் தெரியாததா?"

ஜோலீன் அண்ணனின் படுக்கையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்று முழுவதும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முப்பத்தொன்பது. ஹாஸ்கின்ஸ் அரைமணிக்கொரு முறை வந்து பிரஷரைப் பார்த்துவிட்டுப் போனார். வெர்னா பல்ஸைப் பார்த்தாள், எண்பது. "நல்லது" என்று சொல்லிவிட்டு, கேன்டீனில் இறைச்சி அடைத்த பாஸ்ட்டி ஒன்றை வாங்கி எனக்கு எதிரில் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டாள்.

"பயமா இல்லியா ஒனக்கு?" என்றேன்.

"இருக்கு. அதுக்காகப் பட்டினியா கிடக்க முடியும்?"

பிற்பகல் முப்பத்தெட்டு. புதன் காலை முப்பத்தேழு, காய்ச்சலே இல்லை. சிறுநீரகக் கணக்கில் ஒரு புள்ளி மாறவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. வெர்னா டெல்மரின் பதிவேட்டில் அலர்ஜிக் கட்டத்தைத் திறந்து, அந்த இரண்டில் இப்படிக் காய்ச்சலைக் கிளப்பக்கூடிய மருந்தின் பெயரை எழுதினாள். 'இனி எங்கும் கொடுக்கக் கூடாது' என்றும் சேர்த்தாள். ஹாஸ்கின்ஸ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, ஆறாம் படுக்கைக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி இன்று எத்தனையாவது நாள் என்று அவரே கேட்டார்.

வியாழக்கிழமை மதியம் வென்டிலேட்டர் குழாயை எடுத்தோம். ஜோலீன் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த மருந்தும்மா கடைசில குடுத்தீங்க? பேரு சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன்."

"ஒண்ணும் குடுக்கல."

ஜோலீன் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது டெல்மர் வாயைத் திறந்தார். பத்துப் பன்னிரண்டு நாளாகக் குழாய் இருந்த தொண்டை, கரகரவென்று ஏதோ வந்தது. தங்கை குனிந்தாள்.

"ஒன்னோடது நல்லா வேல செய்யுதா?"

"செய்யுதுண்ணே" என்றாள்.

டெல்மர் வெர்னாவின் பக்கம் திரும்பினார். "என்னோடது?"

"பத்திரமா இருக்கு" என்றாள் வெர்னா. "அதையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடாதீங்க."